எர்மின்ட்ரூட் சீமாட்டி போட்ட நங்கூரம்

அமரந்தா கப்பல்,
மால்டா துறைமுகம்.
1847 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான அக்கா கெசியாளுக்கு, உன் தம்பி ஜேபஸ் ட்ரெகென்னா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நான் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறேன். புதிதாகப் பல் எதுவும் விழவில்லை. சால்டாஷில் நீயும், அத்தானும், அத்தானின் முழங்காலும், உன் கோழிகளும், நம் ஜெபக்கூடத்தாரும் அவ்வண்ணமே சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அன்பு இரண்டிலும் ஒரே அளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்பவும் அக்கா, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம், உட்கார்ந்துகொள். அத்தான் பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல். உன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற அக்லோ பெண்சாதி இதற்குள் உன்னிடம் ஏதாவது ஓதியிருப்பாள். அவள் புருஷன்தான் எங்கள் கப்பல் ஆசாரி. அந்தப் படுபாவி நேற்று சாவகாசமாகச் சுங்கானில் புகையிலைச் சாம்பலைத் தட்டிக்கொண்டே என்னிடம், "ஓய் ஜேபஸு, உம்ம சங்கதியெல்லாம் போன மாசமே எம் பொண்டாட்டிக்கு எழுதிட்டேன்வே. பாவம், அவளுக்கும் சிரிக்கிறதுக்கு ஏதாவது வேணும்ல" என்கிறான். அந்த அம்மாள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் ஊர் மணியை ஆட்டிச் சொன்னது மாதிரி. தாமசின் ஹாஸ்கின் காதில் மட்டும் விழாமல் இருக்குமா? அவள் ரொட்டிக் கடையில்தானே அக்லோ பெண்சாதி தினம் ஒரு மணி நேரம் நின்று பேசுகிறாள்?

தாமசின் என்ன கேட்டாள் என்று உனக்கு மறந்திருக்காது. போன மே மாதம் ஜெபக்கூடத்து வாசலில், உன்னைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு அவள் சொன்னாள்: "குடிகாரன் திருந்துவான், கோவக்காரன் அடங்குவான். ஆனா நாடகக் கொட்டகையில ஒரு தடவை கால் வெச்ச ஆம்பிளை எனக்கு வேண்டாம். அதை மட்டும் சத்தியம் பண்ணச் சொல்லுங்க." அதற்கு நீ நெஞ்சில் அறைந்துகொண்டு, "எந்தம்பியா! கொட்டகை இருக்கிற திசையிலயே தலைவெச்சுப் படுக்காதவன்" என்றாய். எனக்குப் பத்து வயதில் வேதபுஸ்தகத்தின் மேல் என் கையை வைத்து அந்தச் சத்தியத்தை வாங்கியவளே நீதான். முப்பத்தெட்டு வருஷம் காப்பாற்றினேன். மனைவி போய் எட்டு வருஷமாகக் கரையில் எனக்கென்று ஒரு விளக்கு எரியாமல் கிடந்தவனுக்கு, கப்பல் கிளம்பும் அன்று துறையில் வந்து நின்று சூடான குங்குமப்பூ ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாளே, அவள் என் கையை விட்டுப் போனால் எனக்குக் கரை என்றே ஒன்று இல்லை. ஆகஸ்டில் கப்பல் திரும்பியதும் கல்யாணம் என்று நாள் வேறு குறித்தாயிற்று. ஆகவே அக்கா, அக்லோ வீட்டுக் கதை முற்றுவதற்குள் நீ இந்தக் கடிதத்தோடு தாமசினிடம் போய், நடந்ததை நடந்தபடி படித்துக் காட்ட வேண்டும். எங்கெங்கே படிக்கக் கூடாது என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் கொட்டகைக்குப் போகவில்லை. கொட்டகை நான் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. எழுந்து போகலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர்.

எல்லாம் எங்கள் கேப்டன் லாட்டிமருக்கு வந்த யோசனை. குளிர்காலம் முழுக்கத் துறைமுகத்தில் சும்மா கிடந்தால் ஆட்கள் கெட்டுப்போவார்களாம், அதனால் கப்பலிலேயே ஒரு நாடகம் போட்டு அட்மிரலையும் அட்மிரலம்மாவையும் அழைக்கலாமாம். 'உப்பங்கழிப் பிரபு, அல்லது எர்மின்ட்ரூட் சீமாட்டியின் கண்ணீர்' என்று நாடகத்துக்குப் பெயர். எர்மின்ட்ரூட் என்கிற ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணை ஒரு பிரபு கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அவளுடைய மணாளன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் அழுகிறாள், நாலு அங்கம் முழுக்க அழுகிறாள். கொடியவன் பிரபு வேஷம் ஆசாரி அக்லோவுக்கு. அவனுக்கு அந்த முகம் இயற்கையிலேயே இருக்கிறது. சீமாட்டி வேஷம் லெப்டினன்ட் பெல்லுக்கு. இருபத்திரண்டு வயசு, மெல்லிய இடுப்பு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற கழுத்து. இதுவரைக்கும் நான் தூரத்தில் நின்று சங்கீதப் புஸ்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன், கர்த்தர் அறிவார்.

பாவாடை தைக்க வேண்டி வந்தபோதுதான் பிசாசு உள்ளே நுழைந்தான். பட்டுக்கு எங்கே போவது? பாய் தைக்கிற ஆள் பெட்டியைக் குடைந்து ஒரு பழைய மஞ்சள் கொடியை எடுத்தான். நல்ல பெரிய கொடி, பளபளவென்று மஞ்சள். வெட்டித் தைத்து, ஓரத்துக்குச் சுருக்கம் வைத்து, துவைத்து, இரண்டு பாய்மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டிக் காயப்போட்டான். கப்பலில் கொள்ளைநோய் இருந்தால் ஏற்றுகிற கொடி மஞ்சள் என்பது அந்த மூடனுக்குத் தெரியாதா? தெரியும். தைத்த பிறகு அவன் கண்ணுக்கு அது பாவாடையாகத்தான் தெரிந்ததாம். துறைமுகத்து சுகாதாரப் படகுக்காரர்களுக்கு அது பாவாடையாகத் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, இருபது முழம் தள்ளிப் படகை நிறுத்திக்கொண்டு ஒரு ஆபீசர் கத்துகிறார்.

"என்ன வியாதி?"

"வியாதி இல்லைய்யா, அது பாவாடை!" என்கிறார் கேப்டன்.

"யாருக்குப் பாவாடை?"

"எங்க லெப்டினன்டுக்கு!"

அந்த ஆபீசர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டுது, எழுதிக்கோ" என்றார். பதினாலு நாள் எங்கள் கப்பலில் இருந்து ஒரு ஈ வெளியே போகக் கூடாது, உள்ளே வரக் கூடாது. கடிதம்கூட நோய் பரவாதபடி வினிகர்க் காடியில் முக்கி, புகை போட்டுத்தான் போயிற்று. அந்தக் காடியில் முக்கின கடிதங்களில் ஒன்றுதான் அக்லோ எழுதியது. நாசமாய்ப் போக, அதை முழுசாகக் கரைத்திருக்கக் கூடாதா அந்தக் காடி!

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அன்று காலையில்தான் லெப்டினன்ட் பெல் பல் பிடுங்கிக்கொள்ளக் கரைக்குப் போயிருந்தார். தன் பாவாடையாலேயே தன் கப்பலுக்குள் வர முடியாமல் வெளியே மாட்டிக்கொண்டார். சீமாட்டி இல்லாமல் ஒத்திகை நடக்கவில்லை. மூன்றாம் நாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கையில் ஒரு கட்டுத் தாள்.

"போசன், நம்ம கப்பல்ல கடைசி ஆள் காதுவரைக்கும் போற குரல் உம்முடையதுதான். பெல் வர்ற வரைக்கும் இந்த வசனத்தை நீர் படியும்."

"ஐயா, நான் சத்தியம் பண்ணினவன். எங்க அக்காவுக்கு."

"நடிக்கவா சொன்னேன்? நிக்கச் சொல்றேன். அந்த இடத்துல நிக்கணும், தாளைப் பார்த்துப் படிக்கணும், அவ்வளவுதான். இது கட்டளை."

கட்டளை என்று வந்தபிறகு நான் என்ன செய்ய? பாய்மரம், கயிறு, நங்கூரம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான போசனே கேப்டன் சொல்லைத் தட்டினால் நாளை என் சொல்லை எவன் கேட்பான்? அதனால் அக்கா, எனக்குள்ளே ஒரு நியாயம் பண்ணிக்கொண்டேன். உரக்கச் சொன்னால்தான் நாடகம், முணுமுணுத்தால் அது வெறும் வாசிப்பு. ஒரு மாதம் ஒத்திகை முழுக்க, உதடு அசைவது மட்டும் தெரியும்படி முணுமுணுத்தேன். என் குரல் அந்த மேடையில் எழும்பவே இல்லை. இதைத் தாமசினுக்கு நிதானமாக, இரண்டு தடவை படி.

பதினாலு நாள் கழித்து பெல் திரும்பி வந்தார். வந்தாரா? உருண்டு வந்தார். அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் பல் வலிக்கு மருந்து என்று ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தேனும் ஊட்டியே மனுஷனைப் பீப்பாய் ஆக்கிவிட்டாள். இங்கேயோ, ஒத்திகைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தப் பாவாடையை என் இடுப்புக்குப் பிரித்து, மூன்று பட்டை பாய்த்துணி வைத்து ஒட்டி, தார்நூலால் தைத்து முடித்திருந்தார்கள். பெல்லுக்கு அதற்குள் நுழைய முடியவில்லை. இன்னும் பிரிக்கத் துணியில்லை. கேப்டன் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவாடை யாருக்குப் பொருந்துதோ அவங்கதான் சீமாட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது.

இந்தப் பாராவை மட்டும் தாமசினுக்குப் படிக்க வேண்டாம். என் மீசையையும் கிருதாவையும் எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக் கிருதா. அவளுக்கு அது பிடிக்கும் என்று நீதான் எனக்கு எழுதியிருந்தாய். கன்னத்துக்குச் செங்கல் பொடி. தலைக்குப் பழங்கயிற்றைப் பிரித்த நாரால் பொன்முடி, தார் நாற்றம் வேறு. கப்பலில் பாலுக்காக வளர்க்கிற ஆடு அந்த முடியைக் கண்டு வைக்கோல் என்று நினைத்து நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. நாற்பத்தெட்டு வயதில், செங்கல் பொடி பூசிக்கொண்டு, ஆடு துரத்த, கப்பல் முழுக்க ஓடியிருக்கிறேன் அக்கா.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை எழுந்தவுடனேயே தண்ணீர் சரியில்லை. காற்றே இல்லை, ஆனால் துறைமுகத்து வாயில் வழியாக வடகிழக்கில் இருந்து ஒரு நீள அலை உள்ளே வந்து வந்து போகிறது. கடல்பறவை எல்லாம் ஊருக்குள். இந்தத் துறைமுகம் வடகிழக்குக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தத் திசையில் காற்று எழுந்தால் ஒற்றை நங்கூரம் நூல் மாதிரி அறுந்து, கப்பல் நேரே பாறையில் போய் உட்காரும். போய் கேப்டனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே, "அட்மிரலம்மா ரெண்டு மணிக்கு வர்றாங்க போசன். காத்தை நாலு மணிக்கு வரச் சொல்லும்" என்றார்.

என் மனசு கேட்கவில்லை. முன்பக்கம் தொங்குகிற இரண்டாவது நங்கூரத்தைக் கட்டவிழ்த்துத் தயார் பண்ணி, ஒரே ஒரு முளை ஆணியில் நிறுத்தி, அதன் பக்கத்தில் கிழவன் ஒபதியாவைச் சுத்தியலோடு உட்காரவைத்தேன். ஒபதியாவுக்குக் காது மந்தம். ஆனால் என் குரல் மட்டும் கேட்கும். பத்தொன்பது வருஷமாக அது ஒன்றைத்தான் கேட்கிறான். நங்கூரம் போட எங்கள் கப்பலில் ஒரே ஒரு சொல்தான் அக்கா. நங்கூரத்தை இறக்கு, தண்ணீரில் போடு என்றெல்லாம் நீட்டி முழக்க நேரம் இருக்காது. 'விடு!' அவ்வளவுதான். அதைக் கேட்டால் ஆணியைத் தட்ட வேண்டியது.

"ஒபதியா, கண்ணசந்துராதே. நான் விடுன்னா விடு. ஏன் எதுக்குன்னு யோசிக்காதே, யார்கிட்டயும் போய்க் கேக்காதே."

"நான் எதுக்குப் போசனய்யா கேக்கப்போறேன்? ஒங்க கொரல் போதும் எனக்கு" என்றான் அந்த உத்தமன்.

இந்த இடத்தில் நீ தலையில் கைவைத்திருப்பாய். நான் அன்றைக்கு வைக்கவில்லை. ஒரு மாதமாக முணுமுணுத்தே பழகிவிட்டதால் அந்த வசனத்தில் அந்தச் சொல் இருப்பதே என் காதில் விழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல்தளத்தில் பாய்க்கூரையின் கீழே எள் போட்டால் எள் விழாது. முன்வரிசையில் நாற்காலி போட்டு அட்மிரலும், அட்மிரலம்மாவும், பட்டாளத்து அதிகாரிகளின் வீட்டம்மாக்களும். பின்னால் வாளிகளின் மேல் பலகை போட்டு எங்கள் ஆட்கள். பாய்மரக் குறுக்குக் கட்டைகளில் இன்னும் நூறு பேர் காகம் மாதிரி. முதல் அங்கத்தில் நான் முணுமுணுத்தேன். "கேக்கலை, கேக்கலை" என்று மேலேயிருந்து கத்துகிறார்கள். ஒரு பட்டாளத்து அம்மா கொட்டாவி விட்டாள். சந்தோஷப்பட்டேன் அக்கா, சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன், இப்படியே முடிந்துவிட்டால் பாவம் பாதிதான் என்று.

இரண்டாம் அங்கம். கோட்டை. அக்லோ வருகிறான். ஒத்திகையில் பூப்போலத்தான் கையைப் பிடிப்பான். அன்றைக்கு அட்மிரல் பார்க்கிறார் என்றதும் பேய் பிடித்துவிட்டது. என் மணிக்கட்டை மரத்தை முறுக்குகிற மாதிரி முறுக்கி, "கடலுக்குப் போனவன் திரும்பமாட்டான் எர்மின்ட்ரூட்! இனி நீ எனக்குத்தான்!" என்று உறுமுகிறான். எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பமாட்டான் என்றதும் தாமசின் ஞாபகம் வந்துவிட்டது. ஆகஸ்ட் வரைக்கும் அவளிடமும் எவனாவது ஒருவன் ரொட்டி வாங்குகிற சாக்கில் வந்து இதைச் சொல்வானே, அவன் கையை அவள் எப்படி உதறுவாளோ என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நிஜத் தண்ணீர். வாய் தானாகத் திறந்தது. புயலில் பாய்மர உச்சிக்குக் கேட்கிற என் முழுக்குரலில், "விடு! கயவனே, விடு!" என்றேன்.

முன்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம்.

அப்புறம் அந்தச் சங்கிலி ஓடிய சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்! இரண்டு டன் நங்கூரம், அதன் பின்னாலேயே நூறு பாகம் நீளமுள்ள இரும்புச் சங்கிலி. கப்பல் முழுக்க நடுங்குகிறது. மேடை நிலா கீழே விழுந்தது. கோட்டைச் சுவர் சாய்ந்தது. பட்டாளத்து அம்மாக்கள் அதை நாடகத்து இடி என்று நினைத்து, "ஆகா, எவ்வளவு தத்ரூபம்!" என்று கைதட்டினார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? நங்கூரம் போனால் ஓட வேண்டிய இடத்துக்கு ஓட வேண்டியது. பிடில் வாசித்தவன் பிடிலைப் போட்டுவிட்டு ஓடினான். கோட்டைக் காவலர் ஆறு பேரும் ஈட்டியோடு ஓடினார்கள். அக்லோ என் கையை விட்டுவிட்டுப் பிரபு தொப்பியோடு அடித்தளத்துக்கு, தண்ணீர் வருகிறதா பார்க்க ஓடினான். மேலே இருந்த நூறு பேரும் கயிறு வழியாக வழுக்கி இறங்கியபோது அட்மிரலம்மா மடியிலேயே இரண்டு பேர் இறங்கினார்கள். கீழே கப்பலை ஒட்டி, விருந்துப் பண்டங்களோடு வந்துகொண்டிருந்த சால்வு என்கிற உள்ளூர்ப் படகுக்காரன் ஒரு முழத்தில் உயிர் தப்பினான். பழக்கூழும் கேக்கும் கடலுக்குள். அவன் நனைந்துபோய் நின்று தனக்குத் தெரிந்த அத்தனை பரிசுத்தவான்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எங்கள் கப்பலைத் திட்டினான்.

மேடையில் நான் ஒருத்தி. ஒருவன். பார், கைகூடத் தடுமாறுகிறது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெஞ்சில் அடைத்திருந்த நாருக்குள் கையைவிட்டு ஊதலை எடுத்து ஊதினேன். இதைத் தாமசினுக்கு மட்டுமில்லை, யாருக்குமே படிக்காதே. அந்த நேரம் பார்த்து முன்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு ஒபதியா தலையை நீட்டினான்.

"விட்டாச்சு போசனய்யா! ரெண்டு தடவை சொன்னீங்களே, இன்னொண்ணையும் விடணுமா?"

அட்மிரல் எழுந்து நின்றார். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர். இடிக்கும் சங்கிலிக்கும் வித்தியாசம் தெரியாதா?

"எவன்யா நங்கூரத்தை விடச் சொன்னது?"

நானூறு பேரும் என்னைக் காட்டினார்கள். நான் முன்னால் வந்து சலாம் வைத்தேன். வைத்த வேகத்தில் பொன்முடி கழன்று விழுந்தது. ஆடு அதை எடுத்துக்கொண்டு போயிற்று.

"நான்தான் ஐயா. ஆனா நங்கூரத்தைச் சொல்லலை ஐயா. அக்லோவைச் சொன்னேன்."

"அக்லோ யாரு?"

"என்னைத் தூக்கிட்டுப் போனவர் ஐயா."

கேப்டன் லாட்டிமர் கண்ணை மூடிக்கொண்டார். அட்மிரலின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. "இந்த ஆளோட பதவிச் சீட்டை இப்பவே கொண்டா! இன்னைக்கே கிழிக்கிறேன்!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் பாய்க்கூரை ஒரு பக்கமாகத் தூக்கியது. அவ்வளவுதான், வடகிழக்கு வந்துவிட்டது. கூரை கிழிந்து பறந்தது, தொப்பிகள் பறந்தன, உப்பங்கழிக் கோட்டை அப்படியே பறந்து பக்கத்துக் கப்பல் மேல் போய் விழுந்தது. அந்தப் பக்கத்துக் கப்பலும், அதற்கு அடுத்ததும் ஒற்றை நங்கூரத்தை இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்ப் பாறைச் சுவரில் இடித்து நின்றன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், உயிர்ச்சேதம் இல்லை. அமரந்தா மட்டும் இரண்டு நங்கூரத்தோடு அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து நனைந்த அட்மிரல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முன்னாலயே தெரிஞ்சு விட்டிருக்கீர்" என்றார்.

"இல்லைய்யா. அது வசனம்."

"அடக்கத்தைப் பாருங்கய்யா!" என்று கேப்டனிடம் திரும்பினார். "இப்படி ஒரு ஆளைப் பாவாடை கட்டி நிக்கவெச்சிருக்கீர்."

மூன்று தடவை சொன்னேன் அக்கா, வசனம் வசனம் என்று. எவரும் நம்பவில்லை. கப்பல் நாட்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'போசன் ட்ரெகென்னா, எர்மின்ட்ரூட் சீமாட்டியாக இருக்கையில், உரிய காலத்தில் இரண்டாம் நங்கூரம் விட்டுக் கப்பலைக் காத்தார்.' கடற்படைத் தலைமை ஆபீசுக்கு நகல் போகிறது. ராணியின் கவர்ன்மென்ட் உள்ள மட்டும் நான் எர்மின்ட்ரூட். இனி இதை மறைக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. போதாததற்கு, எர்மின்ட்ரூட் தப்பித்தாளா இல்லையா என்று தெரியாமல் தனக்குத் தூக்கமே வரவில்லை என்று அட்மிரலம்மா ஆள் அனுப்பியிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை மறுபடி நாடகம்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி, இதை நீயும் ஒரு தடவைதான் படிக்க வேண்டும். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது, ஆணியில் சுத்தியல் விழுவதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம் நானூறு பேரும் அசையவில்லை. அட்மிரலம்மா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது அக்கா. கர்த்தர் என்னை மன்னிப்பாராக, ரொம்பப் பிடித்திருந்தது.

ஆகவே மேலே சொன்னபடி தாமசினிடம் போ. கட்டளையால் நின்றேன் என்று சொல். முணுமுணுத்தேன் என்று சொல். இனி என் உயிரே போனாலும் அந்த மேடையில் கால்வைக்க மாட்டேன், வியாழக்கிழமை காலையில் எனக்குக் கடும் காய்ச்சல் வரும் என்று நான் வேதபுஸ்தகத்தின் மேல் கைவைத்து எழுதுவதாகச் சொல். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதையும் ஒளிக்காமல் எழுது, தாங்கிக்கொள்ளப் பார்ப்பேன். அத்தானுக்கு என் அன்பு, முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தேய்க்கச் சொல். ஜெபக்கூடத்தாருக்கு ஸ்தோத்திரம், கோழிகளுக்கும் என் விசாரிப்பு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, என்னுடையதையும் கொஞ்சம் கூடுதலாகக் காப்பாராக.

உன் பரிதாபத் தம்பி,
ஜேபஸ்.

பின்குறிப்பு: அக்கா, அரக்கு உருக்குகிற நேரத்தில் தபால் கப்பல் வந்துவிட்டது. தாமசின் கையெழுத்தில் ஒரு கடிதம். பிரிக்கவே பயந்து பத்து நிமிஷம் கையில் வைத்திருந்தேன். அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். "அக்லோ வீட்டம்மா காடி நாத்தம் அடிக்கிற ஒரு கடுதாசியைக் கொண்டாந்து, நீங்க எர்மின்ட்ரூடா வேஷம் கட்டுறதாச் சொன்னாங்க. மாவு பிசைஞ்ச கையோட அப்படியே உக்காந்துட்டேன். செத்துப்போன என் புருஷன் ஹாஸ்கினைக் கட்டிக்கிறதுக்கு முன்னால, ஆத்துக்கு அக்கரையில பிளைமத்துல ஒரு கொட்டகையில ஏழு வருஷம் வேற பேர்ல நடிச்சவ நான். எர்மின்ட்ரூடா மட்டும் நாப்பத்தோரு தடவை. கொட்டகைக்குப் போன ஆம்பிளைன்னா என்னை அடையாளம் கண்டுடுவானோன்னு பயந்துதான் அந்தச் சத்தியத்தைக் கேட்டேன். இனி அது வேண்டாம், நீங்க வந்தாப் போதும். ரெண்டாம் அங்கத்துல 'விடு'ன்னு வர்ற இடத்துல மட்டும் கத்திராதீங்க. எல்லாரும் அங்கதான் கத்திக் கெடுப்பாங்க. மெதுவாச் சொல்லணும். கடைசி வரிசைக்காரன் முன்னால சாயணும்."

இந்தக் கடிதம் புதன்கிழமைக்கு முன்னால் வந்திருந்தால் அமரந்தா இன்றைக்குப் பாறையில் கிடந்திருக்கும்.

இன்னும் முடியவில்லை அக்கா. "உங்க அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியலை, பொடியும் பொய்முடியும் அப்படி. எனக்கு அவங்களைத் தெரியும். மேல்மாடத்துல மூணாம் வரிசை, ஓரத்து இடம். ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே அழுவாங்க. ஒரு தடவை பிரபு என் கையைப் பிடிச்சப்ப எந்திரிச்சு, 'விடுடா அவளை!'ன்னு கத்தி, உரிச்ச தோலை வீசுனாங்க. கொட்டகையே அதிர்ந்துச்சு. அந்தக் குரல் உங்க குடும்பத்துக் குரல்தான் போல."

கெசியா அக்கா! முப்பத்தெட்டு வருஷம்!

மேலே படிக்காதே என்று நான் சொன்ன இடங்களையெல்லாம் தாமசினுக்குப் படி, கிருதா உட்பட. காய்ச்சல் வரும் என்று எழுதியதை அடித்துவிடு. வியாழக்கிழமை நான் மெதுவாகச் சொல்லப்போகிறேன், ஒபதியாவைக் கரைக்கு அனுப்பிவிட்டு. அத்தானிடம் மூச்சுவிட மாட்டேன், பயப்படாதே. ஒன்றே ஒன்றை மட்டும் அடுத்த தபாலில் மறைக்காமல் எழுது: அந்த ஆரஞ்சுத் தோல் பிரபுமேல் பட்டதா?